உழைச் செல்வார்

திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ நிறைவுறும் இடத்தில், வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர் ஒருவர், நோயைத் தீர்ப்பவர் ஒருவர், மருந்து ஒன்று, நான்காவதாக ‘உழைச்செல்வான்’. உழை என்பதற்குப் பக்கம் என்று பொருள். மருந்தை இயற்றிக் கொடுப்பவன் என்று உரையாசிரியர்கள் இச்சொல்லை விளக்குவர். நோயாளியின் பக்கத்தில் இருப்பவன் என்பது இதன் வேர்ப்பொருள். மருத்துவனுக்கும் மருந்துக்கும் ஈடாக அவனுக்கும் ஒரு தனி இடத்தை வள்ளுவர் அளித்தாரே, அதுதான் நம்மை நெடுநாளாகச் சிந்திக்க வைத்திருக்கிறது. முதல் மூன்றும் நிறைந்திருந்தும் நான்காவது இல்லையெனின் மருத்துவம் குறையுடையதே என்பதன்றோ அவர் கருத்து?

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் முதல் மூன்றும் முன்னைவிட இன்று அருகில் வந்துள்ளன. பழைய தென்னாற்காட்டினின்று 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று பிரிந்து தனி மாவட்டமான விழுப்புரத்திற்கு, 2010-இல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. அறுவை செய்வார் உண்டு. ஸ்கேன் எடுப்பார் உண்டு. மருந்துக் கடைகளும் பல உண்டு. ஆயினும், பக்கவாதத்தில் விழுந்த முதியவர் ஒருவரை மருத்துவமனை வீட்டிற்கு அனுப்பி வைக்கும் நாளில்தான் அக்குடும்பத்தின் உண்மையான துன்பம் தொடங்குகிறது. மூக்கில் ஒரு குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய், உடன் வந்தவர் கையில் ஒரு மருந்துச் சீட்டு. இவற்றோடு வீடு வந்து சேர்ந்தவரை இனிப் பார்ப்பவர் யார்?

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைதோறும் நோயாளருக்கு நற்கருணை வழங்கச் செல்லும் நமக்கு இக்கேள்வி பல வாசல்களில் காத்திருக்கிறது. மன்றாட்டு முடிந்து, வீட்டார் வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: “வீட்டோட இருந்து பாத்துக்க யாராவது கெடைப்பாங்களா சாமி?” முன்பு கூட்டுக் குடும்பத்தில் இக்கேள்வி எழாமல் இருந்தது. இன்று மகன் ஒரகடத்துத் தொழிற்சாலையில் இருக்கிறான். மகள் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறாள். பேரன் சென்னையில் தங்கிப் படிக்கிறான். ஊரில் எஞ்சியிருப்பவை கரும்பும் மல்லாட்டையும், அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் முதியோரும்தாம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் 60 வயதை எட்டியோர் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டிலோ நூற்றுக்கு 10.4 பேர். பிள்ளைகள் குறைந்து முதியோர் பெருகிய நிலமாகிவிட்டது நம் நாடு.

வாசலில் நம்மிடம் கேட்போருக்கு நாம் முதலில் சொல்வது ஒன்று உண்டு. ‘பார்த்துக்கொள்வது’ என்பது ஒரே வேலையன்று, மூன்று வேலைகள். குழாய் மாற்றுவதும், புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், முடங்கிய கைகாலுக்குப் பயிற்சி கொடுப்பதும் ஒன்று. இது கற்றவர் செய்ய வேண்டியது. குளிப்பாட்டுவதும், உணவூட்டுவதும், புரட்டிப் படுக்க வைப்பதும், மலம் அள்ளுவதும் இரண்டாவது. இதைச் சொல்லிக் கொடுத்தால் எவரும் செய்யலாம். அருகில் அமர்ந்து பேசுவதும், பார்ப்பவருக்குச் சற்று ஓய்வு தருவதும் மூன்றாவது. இதற்குப் படிப்பே வேண்டாம். இம்மூன்றையும் செய்யும் ஓர் ஆளைத் தேடுவோர் பெரும்பாலும் ஏமாந்து போகின்றனர். மூன்றையும் மூவரிடத்தில் தேடுவோருக்கு ஏதேனும் ஒரு வழி பிறக்கிறது.

முதல் வேலைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தையே நாம் கைகாட்டுகிறோம். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழ்நாடு அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டு தருவது மட்டுமே அத்திட்டம் என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். இயன்முறை மருத்துவமும், வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸுக்கு வேண்டிய பைகளும், நோய் ஆதரவுச் சிகிச்சையும் அதில் அடங்கியவை என்பதை அறியாதோர் மிகப் பலர். மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்த சுகாதாரத் தன்னார்வலர்கள் மாத்திரை கொண்டு வருவர். படுத்த படுக்கையாய் இருப்பவரைக் காணச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வட்டார அளவில் அமர்த்தப்பட்டனர். ஒரு செவிலியருக்கு ஊர்கள் பல. அவர் நாள்தோறும் வர இயலாது. ஆயினும் நம் வீட்டில் ஒருவர் படுத்திருக்கிறார் என்பது அவர் ஏட்டில் ஏறினாலன்றி அவர் எப்படி வருவார்? ஆகவே, நோயாளியின் பெயர், தெரு, வீட்டிற்கு வரும் அடையாளம், மருத்துவமனைச் சீட்டின் நகல் ஆகியவற்றை ஒருவர் நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவதே முதல் தொண்டு. வயற்காட்டு ஓரத்து வீடு எனின், அந்த அடையாளமே மருந்தினும் பெரிது.

இதனோடு சேர்ந்தவை சில உண்டு. முதியோர் உதவித்தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதற்கு வட்டாட்சியர் அலுவலகத்தை நாட வேண்டும். கடுமையாக முடங்கியவருக்குரிய பராமரிப்பு உதவிக்கு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் உண்டு. பிள்ளைகள் இருந்தும் கைவிடப்பட்ட பெற்றோர், 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ்க் கோட்டாட்சியரிடம் முறையிடலாம். 14567 என்னும் முதியோர் உதவி எண்ணும் உண்டு. இவற்றையெல்லாம் இலக்கிய இதழில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். ஓர் ஏழைத் தாயின் படுக்கையருகே நின்று நோக்கினால், மேடைப் பேச்சைவிட ஒரு விண்ணப்பத் தாள் மேலானது என்பது விளங்கும்.

இரண்டாம் வேலைக்குக் கைப்பொருள் உடையோர் ஏஜென்சிகளை நாடுகின்றனர். பன்னிரண்டு மணி நேரத்திற்கு ஒரு தொகை, இரவும் பகலும் தங்கினால் ஒரு தொகை, முன்பணம் தனி என்பது வழக்கம். நமக்குத் தெரிந்த குடும்பத்திற்கு இவ்வாறு ஓர் ஏஜென்சி அனுப்பிய பெண், மூன்றாம் நாள் விடியுமுன் சொல்லாமலே போய்விட்டார், முன்பணமும் திரும்பவில்லை. வீட்டார் சினந்தனர். விசாரித்தபோது மறுபக்கமும் தெரிந்தது. நோயாளியைப் பார்க்க வந்தவரிடம் வீட்டார் அனைவருடைய துணிகளையும் துவைக்கச் சொல்லியிருந்தனர். இரவில் அவர் படுக்க இடம் கொடுத்தது அடுப்படி நடையில். ஆகவே ஆள் அமர்த்துமுன் கேட்க வேண்டியவை இருபக்கமும் உண்டு. வருபவர் செவிலியர் படிப்புப் படித்தவரா, உதவியாளர் மட்டுமா? அவருடைய அடையாளச் சான்றைச் சரிபார்த்தவர் யார்? அவர் விடுப்பு எடுத்தால் மாற்றாள் வருவாரா? இவை அவர்களிடம் கேட்க வேண்டியவை. அவர் எங்கே உறங்குவார்? எப்போது உண்பார்? வாரத்தில் எந்த நாள் அவருக்கு விடுப்பு? இவை நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை.

இவ்விடத்தில் ஒன்று சொல்லாமல் இருக்க இயலவில்லை. நம் பங்கைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் சென்னை அண்ணாநகரில் ஒரு மூதாட்டிக்குத் துணையாக இருந்து ஊதியம் பெறுகிறார். அவருடைய சொந்தத் தாய் இங்கே கூரை வீட்டில் தனியே படுத்திருக்கிறார்; பக்கத்து வீட்டுச் சிறுமி கஞ்சி கொண்டு வருகிறாள். அந்த ஊதியத்தில்தான் இந்தத் தாய்க்கு மருந்து. யாரைக் குறை கூறுவது? பிறர் தாயைப் பேணும் கைகளை நம் மாவட்டம் வெளியூருக்கு அனுப்பிவிட்டு, தன் தாய்மாருக்கு ஆள் தேடி நிற்கிறது.

ஏஜென்சிக்குக் கொடுக்க வழியற்ற வீடுகளே நம்மிடையே மிகுதி. அங்கே உழைச்செல்பவர் பெரும்பாலும் ஒரே ஒரு பெண். மகளாகவோ மருமகளாகவோ மனைவியாகவோ இருப்பார். விக்கிரவாண்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மாமியாரை எட்டு மாதங்களாகப் பார்த்துவந்த மருமகள் ஒருவர் இருந்தார். ஞாயிறு திருப்பலிக்கு அவர் வருவதில்லை என்று தெருவில் ஒரு பேச்சும் உலவியது. முதல் வெள்ளியன்று மூதாட்டிக்கு நற்கருணை வழங்கியபின் அப்பெண்ணை நோக்கி, “நீயும் உட்கொள்கிறாயா அம்மா?” என்று கேட்டோம். அவர் தயங்கி நின்றார். “இப்பத்தான் அத்தைக்குக் கஞ்சி குடுத்துட்டு, மீதிய நானும் குடிச்சேன் சாமி. ஒரு மணி நேரம் ஆவலியே” என்றார்.

திருச்சபையின் சட்டம் இப்பெண்ணை மறக்கவில்லை என்பதை நாம் அவருக்கு எடுத்துச் சொன்னோம். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 919-ஆம் சட்டம், நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணா நோன்பைக் கேட்கிறது. அதே சட்டத்தின் மூன்றாம் பிரிவு, முதியோருக்கும் நோயாளருக்கும் அதிலிருந்து விலக்கு அளிக்கிறது. அத்தோடு நில்லாமல் அவர்களைப் பேணுவோரையும் அதே வரியில் சேர்த்துக்கொள்கிறது. நோயாளியை விட்டு அகல இயலாதவரை ஞாயிற்றுக் கடனும் கட்டுப்படுத்துவதில்லை. கேட்டதும் அப்பெண் அழுதுவிட்டார். எட்டு மாதங்களாகத் தாம் பாவத்தில் இருப்பதாக அவர் எண்ணியிருந்தார். கஞ்சிக் கிண்ணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அன்று அவர் ஆண்டவரை உட்கொண்டார். வள்ளுவர் மருந்தின் நான்காம் கூறாக வைத்தவரை, திருச்சபையின் சட்டமும் நோயாளியின் பக்கத்திலேயே வைத்திருக்கிறது. நாமோ நோயாளியைக் கண்டு நலம் கேட்டுவிட்டு, பக்கத்தில் நிற்பவரிடம் காப்பி கேட்டுப் பழகியிருக்கிறோம்.

உதவும் மனம் நம் மக்களிடம் இல்லாமல் இல்லை. ஒருவர் படுக்கையில் விழுந்த செய்தி பரவியதும் முதல் வாரம் ஊரே வந்து குவிகிறது. ஆப்பிளும் ஆர்லிக்ஸும் கூடத்தில் அடுக்கப்படுகின்றன. இரண்டாம் மாதம் எவரும் வருவதில்லை. இது நம் காலத்து நோயன்று. 1617-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரான்சு நாட்டுச் சாத்தியோன் என்னும் சிற்றூரில் பங்குத்தந்தையாக இருந்தவர் வின்சென்ட் தே பவுல். ஊருக்கு வெளியே ஒரு குடும்பம் முழுவதும் நோயில் விழுந்து கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்று ஞாயிறு மறையுரையில் சொன்னார். மாலையில் அவர் அவ்வீட்டிற்குச் சென்றபோது, வழியெங்கும் உணவோடு போவாரும் வருவாருமாகக் கூட்டம். வெயில் தாளாமல் பலர் சாலையோரம் அமர்ந்திருந்தனராம். அவர் மகிழ்ந்தார், உடனே கவலையும் கொண்டார். இன்று வந்து குவிந்த உணவு கெட்டுப்போகும். நாளை மறுநாள் அக்குடும்பம் பழையபடி பட்டினி கிடக்கும். இரக்கம் நிறைய இருக்கிறது, ஒழுங்குதான் இல்லை என்று கண்ட அவர், சில நாள்களுக்குள் அவ்வூர்ப் பெண்களைக் கூட்டி, ஒருவருக்கு ஒரு நாள் என முறை வகுத்தார்.

அவர் வகுத்த ஒழுங்கில் ஒரு செய்தி நம் நெஞ்சைத் தொடுகிறது. உணவு கொண்டு செல்பவர், துணை உள்ள நோயாளியின் வீட்டிற்கு முதலில் போக வேண்டும். துணையற்றவர் வீட்டிற்குக் கடைசியில் போக வேண்டும். ஏனெனில் கடைசி வீட்டில்தான் நேரம் பார்க்காமல் தங்கலாம். நானூறு ஆண்டுகளுக்கு முன் அவர் கண்ட இந்நுட்பம், இன்றும் வீட்டுக்குச் சென்று தொண்டாற்றுவோருக்குப் பாலபாடம்.

தொலைநாட்டுக் கதை என்று கருத வேண்டாம். நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியை ஒட்டி வலி, நோய் ஆதரவுச் சிகிச்சைக்கென ஒரு சங்கம் தோன்றியது. மருத்துவர்கள் மட்டும் எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர முடியாது என்பதை அது விரைவில் உணர்ந்தது. மலப்புறம் மாவட்டத்தில் அண்டை வீட்டாரே அப்பணியை ஏற்றனர். வாரத்தில் இரண்டு மணி நேரமேனும் கொடுக்க இசைந்தவருக்கு 16 மணி நேர வகுப்பு நடத்தி, பிறகு செவிலியருடன் வீடுகளுக்கு அனுப்பினர். ஆசிரியர், கூலித் தொழிலாளி, கடைக்காரர், மாணவர் என இந்து, இசுலாமியர், கிறித்தவர் யாவரும் அதில் சேர்ந்தனர். 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. மலப்புறம் செல்வம் கொழிக்கும் பெருநகரம் அன்று. நம்மைப் போல் ஆண்கள் பிழைப்புக்கு வெளியே போன ஊர்தான்.

நம்மிடம் இதற்கான கட்டுமானம் முன்பே இருக்கிறது. வின்சென்ட் தே பவுல் சபையார் வீடு சந்திக்கின்றனர். மரியாயின் சேனையார் வீடு சந்திக்கின்றனர். அன்பியங்கள் வீடுதோறும் கூடுகின்றன. வேண்டுவது நாள்முறை ஒன்றே. நம் பங்கில் ஓர் அன்பியத்தில் இதைத் தொடங்கியுள்ளோம். படுக்கையில் இருப்பவர் உள்ள வீட்டிற்கு, செவ்வாயும் சனியும் பிற்பகலில் இருவர் போய் இரண்டு மணி நேரம் இருப்பர். அவர்கள் பழம் கொண்டு போக வேண்டியதில்லை. அறிவுரை கூறக் கூடாது. பார்த்துக்கொள்பவர் அந்நேரத்தில் உறங்கலாம், கடைவீதிக்குப் போகலாம், கோயிலுக்கு வரலாம், சும்மாவும் இருக்கலாம். இதனால் வறுமை தீர்ந்துவிடவில்லை, நோயும் குணமாகவில்லை. ஒரு வீட்டில் இரண்டாம் மாதமே நாள்முறை தளர்ந்து, மீண்டும் ஆள் சேர்க்க வேண்டியிருந்தது. ஆயினும் ஒரு பெண், “சாமி, இன்னைக்கித்தான் நான் தலைக்குக் குளிச்சேன்” என்று சொன்னபோது, நாள்முறையின் பொருள் அங்கிருந்த அனைவருக்கும் விளங்கியது.

போகுமுன் சிலவற்றைக் கற்பது நலம். அறிந்த செவிலியர் ஒருவரைக் கொண்டு ஒரு பிற்பகலில் கற்பித்துவிடலாம். தானே புரள இயலாதவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இடுப்புக்குக் கீழும், இடுப்பின் பக்க எலும்பிலும், குதிகாலிலும் தோல் சிவந்து, அழுத்தினாலும் அச்சிவப்பு மாறாதிருப்பின், அது படுக்கைப் புண்ணின் தொடக்கம்; அவ்விடத்தைத் தேய்க்கக் கூடாது, அழுத்தம் படாமல் வைக்க வேண்டும். விரிப்பில் சுருக்கமும் ஈரமும் இருத்தல் ஆகாது. உணவூட்டும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். ஊட்டியவுடன் படுக்க வைத்தல் தவறு. சிறுநீர்ப் பை எப்போதும் படுத்திருப்பவரின் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். வாயை நாள்தோறும் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். எளியவைதாம், அறியாமையால் தவறுபவையும் இவையே.

வலியைப் பற்றியும் ஒரு சொல். புற்றுநோயின் வேதனையில் துடிப்பவரிடம், ‘ஆண்டவருடைய சிலுவையோடு சேர்த்து ஒப்புக்கொடு’ என்று சொல்லி, மருந்து கொடுக்கத் தயங்கும் பக்தியுள்ள வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். ஒப்புக்கொடுத்தல் உயர்ந்ததே, அது படுத்திருப்பவர் தாமே விரும்பிச் செய்ய வேண்டியது, பக்கத்தில் நிற்பவர் விதிக்க வேண்டியதன்று. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்திலேயே, மருத்துவர்களிடம் பேசுகையில், வலியைத் தணிக்கும் மருந்தைப் பெறுவது கிறித்தவருக்குத் தகும் என்று தெளிவுபடுத்தினார். சமாரியர் காயத்தில் எண்ணெயும் இரசமும் வார்த்தபின்தான் அம்மனிதரைத் தூக்கிச் சென்றார் என்பதை நாம் நினைவில் கொள்வோமாக.

அதே சமாரியர் இன்னொன்றும் செய்தார். சாவடிக்காரரிடம் பணத்தைக் கொடுத்து, இவரைப் பார்த்துக்கொள்ளும், மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றார். தாம் ஒருவரே எல்லாம் செய்துவிட முடியும் என்று அவர் எண்ணவில்லை. பார்த்துக்கொள்பவரிடம் கொண்டு சேர்த்தார். பார்த்துக்கொள்பவரின் செலவையும் தம் தலையில் ஏற்றார். திரும்பி வருவதாகவும் சொன்னார். வீட்டில் நோயாளியைப் பேணுவதற்கு வேண்டிய முறை முழுவதும் அந்தச் சில வரிகளில் இருக்கிறது.

அன்புக்குரிய வாசகர்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. அடுத்த முதல் வெள்ளிக்கு முன், ஒவ்வோர் அன்பியத்திலும் ஒருவர் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, நடுவில் கோடு போட்டுக்கொள்ளட்டும். இடப்பக்கத்தில் நம் தெருவில் படுத்திருப்பவருடைய பெயரை எழுதுக; எம்மதத்தவராயினும் எழுதுக. வலப்பக்கத்தில் அவரைப் பார்த்துக்கொள்பவருடைய பெயரை எழுதுக. ‘இன்னாருடைய மருமகள்’ என்று எழுத வேண்டா. அவருக்கும் ஒரு திருமுழுக்குப் பெயரோ பெற்றோர் இட்ட பெயரோ இருக்கும், அதைக் கேட்டு எழுதுக. வலப்பக்கம் வெறுமையாக இருக்கும் வீடுகள் சில தென்படும். அவ்வீடுகளுக்குக் கடைசியாகப் போங்கள். போனபின் எழுந்துவர அவசரப்படாதீர்கள்.